முதல் ஆண்டு அல்சூரில், இரண்டாம் ஆண்டு ஒன்டாரியோவில்: பி.ஆர். கணக்கு எங்கே உதைக்கிறது?

கேள்வி: எனக்கு 28 வயது. பெங்களூரு அல்சூரில் கணவரோடு வசிக்கிறேன். பி.இ. முடித்து, வைட்ஃபீல்டில் மென்பொருள் சோதனைப் பிரிவில் ஐந்து ஆண்டுகளாக வேலை. கனடாவில் குடியேற வேண்டும் என்பது எங்கள் இருவரின் விருப்பம். இங்குள்ள ஒரு கல்வி ஆலோசனை நிறுவனம் ஒரு திட்டம் சொல்கிறது. ஒன்டாரியோவில் உள்ள கல்லூரியில் இரண்டு ஆண்டு டிப்ளமா. முதல் ஆண்டை வேலையை விடாமல் பெங்களூரிலிருந்தே ஆன்லைனில் படிக்கலாம், இரண்டாம் ஆண்டுக்கு அங்கே போகலாம், செலவு பாதியாகும் என்கிறார்கள். "சான்றிதழில் ஆன்லைன் என்று இருக்காது, பி.ஆர். புள்ளியும் குறையாது, கணவருக்கும் வேலை அனுமதி உண்டு" என்கிறார்கள். முதல் பருவக் கட்டணம் மூன்றரை லட்சத்தை அடுத்த வாரம் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா? என் தம்பி ஆஸ்திரேலியாவுக்கு முயல்கிறான். அங்கும் இதே விதிதானா?
— ஒரு வாசகி, அல்சூர்

பதில்: கட்ட வேண்டாம், சகோதரி. உங்களிடம் சொல்லப்பட்டதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் அது நம்பும்படியாக இருக்கிறது. புள்ளிகளைப் பற்றி அவர்கள் சொன்னது ஏறக்குறைய சரி. ஆனால் பி.ஆர். என்று நாம் சுருக்கிச் சொல்லும் நிரந்தர வசிப்புரிமைக்கு உங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது படிப்புக்கான புள்ளி அல்ல. படித்து முடித்தபின் கிடைக்கும் பணி அனுமதி. அதைப் பற்றி அவர்கள் வாயே திறக்கவில்லை.

முதலில் புள்ளிக் கணக்கு. புள்ளி அடிப்படையில் பி.ஆர். விண்ணப்பதாரர்களைத் தேர்ந்தெடுக்கும் கனடாவின் முறைக்குப் பெயர் எக்ஸ்பிரஸ் என்ட்ரி. அதில் கணவரோடு சேர்ந்து விண்ணப்பித்தால், உங்கள் பி.இ. பட்டத்துக்கு 112 புள்ளி. அதோடு ஒரு கனடிய டிப்ளமாவும் சேர்ந்தால் 119. கல்விப் பிரிவில் வித்தியாசம் வெறும் 7. டிப்ளமாவை வழங்குவது அங்கீகாரம் பெற்ற கனடிய நிறுவனம் என்பதால், ஒரு பகுதியை வீட்டிலிருந்து படித்தாலும் இந்த 7 போகாது. கனடாவில் படித்ததற்கென்று தனியாக 15 கூடுதல் புள்ளிகள் உண்டு. ஓரிரண்டு ஆண்டுப் படிப்புக்கு 15, மூன்று ஆண்டு அல்லது அதற்கு மேலான படிப்புக்கும் முதுநிலைப் பட்டத்துக்கும் 30. இதைப் பெற, குறைந்தது எட்டு மாதமாவது முழுநேர மாணவராகப் படித்திருக்க வேண்டும். எட்டு மாதமாவது கனடாவில் நேரில் இருந்திருக்கவும் வேண்டும். செப்டம்பரில் போய் ஏப்ரலில் முடிக்கும் இரண்டாம் ஆண்டு இந்த எட்டு மாதத்தைத் தொட்டுவிடும். விளிம்பில் நிற்கும் கணக்குதான், ஆனாலும் தொட்டுவிடும். ஆகவே "புள்ளி குறையாது" என்று அந்த நிறுவனம் சொன்னதைப் பொய் என்று என்னால் சொல்ல முடியாது.

இனி அவர்கள் சொல்லாதது. படிப்புக்குப் பிந்தைய பணி அனுமதிதான் மொத்தப் பயணத்தின் அச்சாணி. இரண்டு ஆண்டுப் படிப்பை அங்கேயே இருந்து படித்தவருக்கு மூன்று ஆண்டுப் பணி அனுமதி கிடைக்க வழியிருக்கிறது. 2024 செப்டம்பர் 1 அல்லது அதற்குப் பின் தொடங்கும் படிப்புகளுக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. படிப்பில் பாதியாவது கனடாவில், வகுப்பறையில் நடந்திருக்க வேண்டும். கனடாவுக்கு வெளியே இருந்து ஆன்லைனில் படித்த காலம் பணி அனுமதியின் நீளத்திலிருந்து கழிக்கப்படும்.

இந்த இரண்டையும் உங்கள் திட்டத்தின் மேல் வைத்துப் பாருங்கள். நான்கு பருவங்களில் இரண்டு அல்சூரில், இரண்டு ஒன்டாரியோவில். சரிபாதி. ஒன்டாரியோ சென்றபின் கல்லூரி ஒரே ஒரு பாடத்தை ஆன்லைனில் வைத்தால்கூட உங்கள் வகுப்பறைப் பங்கு பாதிக்குக் கீழே இறங்கிவிடும். இறங்கினால் அனுமதி குறையாது, அடியோடு போய்விடும். மாலைநேரப் பாடம் ஒன்றை ஆன்லைனில் மட்டும் நடத்துவது அங்குள்ள கல்லூரிகளில் சாதாரணம். மற்ற மாணவர்களுக்கு அது ஒரு பொருட்டே அல்ல, ஏனென்றால் அவர்களிடம் மிச்சம் இருக்கிறது. உங்களிடம் ஒரு பாடத்துக்குக்கூட மிச்சம் இல்லை.

வகுப்பறைப் பங்கு பாதிக்குக் குறையாமல் தப்பிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் வீட்டிலிருந்து படித்த ஆண்டு கழிக்கப்படும், மூன்று ஆண்டு முழுதாகக் கையில் வராது. அது ஏன் இவ்வளவு பெரிய இழப்பு? எக்ஸ்பிரஸ் என்ட்ரியின் கனடிய அனுபவப் பிரிவில் விண்ணப்பிக்க, கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் கனடாவில் இருந்து செய்த திறன்சார் வேலை ஓர் ஆண்டாவது வேண்டும், அதாவது 1,560 மணி நேரம். முழுநேர மாணவராக இருந்தபோது செய்த வேலை இதில் சேராது. பெங்களூரில் உட்கார்ந்து டொரான்டோ நிறுவனத்துக்குச் செய்த வேலையும் சேராது. புது நாட்டில், உங்கள் துறையில், உங்கள் தகுதிக்கேற்ற முதல் வேலை கிடைக்க நான்கைந்து மாதம் ஆவதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன். அதன்பின் ஓர் ஆண்டு உழைப்பு. அதன்பின், பி.ஆர்.-க்கு விண்ணப்பிக்கச் சொல்லி அரசு அனுப்பும் அழைப்புக்கான காத்திருப்பு. 2025-இல் இந்தப் பிரிவுக்கான அழைப்புகள் 500 புள்ளிகளுக்கு மேலேயே நின்றன; முதல் ஆண்டு அனுபவத்தோடு அதைத் தொட முடியாதவர்கள் இரண்டாம் ஆண்டு அனுபவத்தைச் சேர்த்துத்தான் ஏறுகிறார்கள். ஓர் ஆண்டு அனுபவத்துக்கு 35 புள்ளி, இரண்டு ஆண்டுக்கு 46. குறுகிய அனுமதி உள்ளவருக்கு அந்த இரண்டாம் ஆண்டுதான் கிடைக்காது. இந்தப் பணி அனுமதி வாழ்நாளில் ஒருமுறைதான் தரப்படும் என்பதையும் மனத்தில் வையுங்கள். ஆன்லைன் படிப்பில் ஒருமுறை அதை வீணாக்கிவிட்டால், பிறகு வேறொரு படிப்பு படித்தும் மீட்க முடியாது.

வயதும் ஓடுகிறது. கணவரோடு விண்ணப்பிப்பவருக்கு 29 வயது வரை 100 புள்ளி. 30-இல் 95, 31-இல் 90. நீங்கள் படித்து, ஓர் ஆண்டு வேலையும் பார்த்து முடிக்கும்போது 31-ஐத் தாண்டியிருப்பீர்கள். கல்விப் பிரிவில் டிப்ளமா கூட்டும் 7 புள்ளியைவிட வயது எடுத்துக்கொள்ளும் 10 பெரிது. கனடாவில் சேர்க்கும் வேலை அனுபவம்தான் இதை ஈடுகட்ட வேண்டும்; அதற்கான காலத்தையே இந்தத் திட்டம் வெட்டுகிறது.

இப்படி ஒரு திட்டத்தை எப்படித் துணிந்து விற்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். ஒருகாலத்தில் இது சரியாக இருந்தது. கொரோனாவில் எல்லைகள் மூடியிருந்தபோது, மாரத்தஹள்ளியிலும் இந்திரா நகரிலும் பிள்ளைகள் இரவு பதினொரு மணிக்கு மடிக்கணினியைத் திறந்து, கனடாவின் பிற்பகல் வகுப்பில் உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். விடிந்ததும் அலுவலகம். அந்தப் பிள்ளைகளைக் கனடா கைவிடவில்லை. 2022 செப்டம்பருக்கு முன் படிப்பைத் தொடங்கியவர்கள் முழுப் படிப்பையும் இங்கிருந்தே படித்திருந்தாலும் பணி அனுமதி கேட்கலாம் என்று சலுகை தந்தது. 2023 ஆகஸ்ட் 31-ஓடு அந்தச் சலுகை முடிந்தது. அன்று அதனால் பயன் பெற்றவர்களின் காணொளிகள் இன்றும் இணையத்தில் ஓடுகின்றன. அவர்கள் சொல்வது அவர்களுக்கு நடந்த உண்மை. ஆனால் உங்களுக்குப் பொருந்தாது. நெருக்கடிக் காலத்தில் தந்த ஒரு சலுகையை இன்றைய விதி என்று விற்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. கட்டணம் கட்டுபவர்களில் பலர் நகையை அடகு வைத்துக் கட்டுகிறார்கள்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பெங்களூரிலிருந்து ஆன்லைனில் படிக்கக் கனடாவின் படிப்பு அனுமதி தேவையில்லை. அதனால் முதல் ஆண்டு தடையின்றி ஓடும். இரண்டாம் ஆண்டுக்காக விண்ணப்பிக்கும்போது அனுமதி மறுக்கப்பட்டால்? அண்மைக் காலத்தில் இந்திய மாணவர்களின் விண்ணப்பங்கள் மறுக்கப்படுவது மிகவும் கூடியிருக்கிறது. அப்போது உங்கள் கையில் பாதி டிப்ளமாவும் கரைந்துபோன ஏழு லட்சமும்தான் இருக்கும். முதல் ஆண்டை முடித்தவர் என்பதால் அனுமதி தந்தாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

கணவருக்கு வேலை அனுமதி என்ற வாக்குறுதியும் பழைய சரக்கு. 2025 ஜனவரி 21 முதல், 16 மாதம் அல்லது அதற்கு மேலான முதுநிலைப் பட்டப்படிப்பு, முனைவர் படிப்பு, குறிப்பிட்ட சில தொழிற்படிப்புகள் ஆகியவற்றில் படிப்பவரின் துணைக்குத்தான், எந்த நிறுவனத்திலும் வேலை பார்க்க விடும் அந்தத் திறந்த அனுமதி. கல்லூரி டிப்ளமாவுக்குக் கிடையாது. அதோடு, பட்டமல்லாத கல்லூரிப் படிப்புகளுக்குப் பாடப்பிரிவும் பார்க்கப்படுகிறது. அரசு வைத்திருக்கும் பட்டியலில் உங்கள் படிப்பு இல்லையென்றால், முழுவதையும் வகுப்பறையிலேயே படித்தாலும் பணி அனுமதி இல்லை.

உங்கள் தம்பிக்கு: ஆஸ்திரேலியாவின் கதவு இன்னும் இறுக்கமானது. படிப்பு முடித்தபின் அங்கே தங்கி வேலை பார்க்கத் தரும் 485 விசாவுக்கும், குடியேற்றப் புள்ளியில் ஆஸ்திரேலியப் படிப்புக்கான 5 புள்ளிக்கும் ஒரே அளவுகோல்தான். அரசுப் பதிவில் 92 வாரம் கொண்ட படிப்பு, குறைந்தது 16 மாதங்களில், மாணவர் அந்த நாட்டில் நேரில் இருந்து முடித்ததாக இருக்க வேண்டும். மாணவர் விசாவில் இருப்பவர் மொத்தப் படிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆன்லைனில் படிக்க முடியாது. ஒவ்வொரு பருவத்திலும் ஒரு பாடமாவது நேரில் இருக்க வேண்டும். அங்கும் கொரோனாக் கால விலக்கு இருந்தது, அதுவும் முடிந்துவிட்டது. முதல் பருவத்தை இங்கிருந்து படித்துவிட்டுப் பிறகு போகலாம் என்று யாராவது சொன்னால், தம்பி அந்தப் பேச்சை அத்தோடு நிறுத்திவிடட்டும்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? வேலையை விடாமல் இருக்க வேண்டும் என்ற உங்கள் எண்ணம் நல்ல எண்ணம். வைட்ஃபீல்டில் சேர்த்த ஐந்து ஆண்டு அனுபவம் வெளிநாட்டு அனுபவமாக இன்றைக்கே மதிப்புள்ளது. அதைக் காப்பாற்றிக்கொண்டு, ஆன்லைன் வகுப்புக்கு ஒதுக்க நினைத்த அந்த ஓர் ஆண்டை மொழிக்குக் கொடுங்கள் என்பது என் பரிந்துரை. ஆங்கிலத் தேர்வில் உயர்ந்த மதிப்பெண் முதல் படி. முடிந்தால் பிரெஞ்சு. வசந்த நகரில் உள்ள அல்லியான்ஸ் பிரான்சேஸ் உங்கள் வீட்டிலிருந்து சில கிலோமீட்டர்தான். கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் நான்கிலும் கனடிய அளவுகோலில் ஏழாம் நிலையை எட்டியவர்களுக்குத் தனி அழைப்பு உண்டு. 2025 மார்ச்சில் அந்த அழைப்பு 379 புள்ளி வரை இறங்கி வந்தது. அதற்குக் கனடாவில் படித்திருக்க வேண்டிய தேவையே இல்லை. ஏழாம் நிலை ஓர் ஆண்டில் எல்லோருக்கும் வராது, வேலையோடு படித்தால் ஒன்றரை ஆண்டுகூட ஆகலாம். ஆனால் அந்த ஒன்றரை ஆண்டு யாராலும் கழிக்கப்படாது.

படிக்கவேண்டும் என்ற ஆசையும் உண்மையாக இருந்தால், முதுநிலைப் பட்டத்தைப் பாருங்கள், தொடக்கம் முதல் அங்கேயே. 2024 பிப்ரவரி முதல், இரண்டு ஆண்டுக்குக் குறைவான முதுநிலைப் பட்டம் முடித்தவரும் மூன்று ஆண்டுப் பணி அனுமதி கேட்கலாம். கூடுதல் புள்ளி 15 அல்ல, 30. 16 மாதத்துக்குக் குறையாத படிப்பாகத் தேர்ந்தால் கணவருக்கும் அனுமதி கேட்க வழி இருக்கிறது. செலவு கூடுதல்தான், மறுக்கவில்லை.

அடுத்த வாரக் கெடு பற்றி. கல்லூரியின் பதிவாளர் அலுவலகத்துக்கு, ஆலோசனை நிறுவனம் வழியாக அல்லாமல், நீங்களே மின்னஞ்சல் எழுதுங்கள். என் படிப்பில் எத்தனை சதவீதம் கனடாவில் வகுப்பறையில் நடக்கும்? இரண்டாம் ஆண்டில் ஆன்லைனில் மட்டும் நடக்கும் பாடம் எது? இந்தப் படிப்பு பணி அனுமதிக்கு உரிய பாடப்பிரிவில் இருக்கிறதா? எனக்குப் படிப்பு அனுமதி மறுக்கப்பட்டால், முடித்த பருவங்களுக்கான பணம் திரும்ப வருமா? இந்த நான்கையும் கேளுங்கள். ஆலோசனை நிறுவனத்திடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: குடியேற்றம் பற்றிக் கட்டணம் வாங்கி ஆலோசனை சொல்லக் கனடாவில் உரிமம் பெற்றவர் உங்களில் யார், அவருடைய உரிம எண் என்ன? கனடாவின் குடியேற்ற ஆலோசகர் கழகம் தன் உறுப்பினர் பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. சொல்லப்படும் எண் அதில் இருக்கிறதா என்று ஐந்து நிமிடத்தில் தேடிவிடலாம். கல்லூரியின் பதில் எழுத்தில் வந்து சேரும்வரை அந்த மூன்றரை லட்சம் உங்கள் வங்கிக் கணக்கிலேயே இருக்கட்டும்.