பின்வரிசையில் நின்ற ஜெனரல்

கேள்வி: 1971 போர் என்றாலே மானெக்‌ஷா, அரோரா என்கிறார்கள். ஜேக்கப் என்றொரு ஜெனரலும் இருந்தாராமே, பிறகு ஆளுநரும் ஆனாராமே? (ஒரு வாசகர், தேவகோட்டை)

பதில்: 1971-இல் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்த படத்தை எங்கள் ஊர் சலூனில் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். தலைப்பாகையோடு நம் கிழக்குப் பிராந்தியத் தளபதி அரோரா, பக்கத்தில் குனிந்து கையெழுத்துப் போடும் பாகிஸ்தான் தளபதி நியாஸி. முடிவெட்டி முடியும்வரை அந்த இருவரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். பின்னால் வலப்பக்கம் நிற்பவர்தான் ஜேக்கப் என்று வெகுகாலம் கழித்தே தெரிந்தது. (அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பவர் விமானப்படையின் கிருஷ்ணமூர்த்தி.)

ஜேக்கப் கல்கத்தாவில் பிறந்தவர். பாக்தாத்திலிருந்து வந்து குடியேறிய யூதக் குடும்பம். 1942-இல் ராணுவத்தில் சேர்ந்தார். 1971-இல் கிழக்குப் பிராந்தியப் படைக்கு சீஃப் ஆஃப் ஸ்டாஃப், அதாவது அரோராவுக்குக் கீழே திட்டமிடலைக் கவனிக்கும் தலைமை அதிகாரி. டிசம்பர் 16 காலையில் ராணுவத் தலைமைத் தளபதி மானெக்‌ஷா போன் செய்து, டாக்கா போய்ச் சரணாகதியை முடித்து வரச் சொன்னார். ஆயுதம் இல்லாமல் போனார். அவர் கணக்குப்படி டாக்காவில் பாகிஸ்தான் படையினர் 26,400 பேர். நம்மவர்கள் ஊருக்கு வெளியே சுமார் 3,000 பேர்தான். சரணாகதி இல்லை, சண்டை நிறுத்தம்தானே என்றாராம் நியாஸி. ஜேக்கப் அரை மணி நேரம் கெடு கொடுத்துவிட்டு வெளியே போனார். திரும்பி வந்து மூன்று தடவை கேட்டும் பதில் இல்லை. சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன் எனச் சரணாகதிப் பத்திரத்தைக் கையில் எடுத்தார். நியாஸியின் கண்ணில் நீர்.

இதெல்லாம் ஜேக்கப்பே எழுதியது. தன் பங்கைக் குறைத்துச் சொல்கிற ஆள் இல்லை அவர், கொஞ்சம் கழித்துக்கொண்டு படிக்கலாம்.

1978-இல் ஓய்வு. அப்புறம் பா.ஜ.க.வில் சேர்ந்தார், 1998-இல் கோவா ஆளுநர். ஆளுநர் என்றால் ரிப்பன் வெட்டுகிற வேலைதானே என்பீர்கள். ஆனால் 1999-இல் அங்கே சில மாதம் குடியரசுத் தலைவர் ஆட்சி. நிர்வாகமே அவர் கையில். பிறகு 2003 வரை பஞ்சாப், கூடவே சண்டிகர்.

கேள்வி: சரணடைந்தபோது நியாஸி ஒப்படைத்த ரிவால்வர் அவருடையதுதானா? (அதே வாசகர்)

பதில்: ஜேக்கப் நம்பவில்லை. பிறகு கையில் வாங்கிப் பார்த்தபோது குழல் முழுக்க அழுக்கு அடைத்திருந்ததாம், அதில் கட்டியிருந்த கயிறும் நைந்து போயிருந்ததாம். ஏதோ ஒரு சிப்பாயின் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டார் என்பது அவர் முடிவு.