5 கிலோவாட் சோலாருக்கு நியூட்ரல் வயரை ஒரு சைஸ் குறைத்துப் போடலாமா?

கூடவே கூடாது. வீட்டுக்கு த்ரீ பேஸ் இணைப்பு, வாங்கப்போவது சிங்கிள் பேஸ் இன்வெர்ட்டர் என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். கரண்ட் திரும்பிப் போகும் வயரான நியூட்ரல் ரொம்ப அடிபடுவது இந்த அமைப்பில்தான்.

போன சித்திரையில் என் மச்சான் வீட்டில் நேரிலேயே பார்த்தேன். மூன்று பேஸ்களை ஆர், ஒய், பி என்பார்கள்; அங்கே ஆர் பேஸில் 5 கிலோவாட் இன்வெர்ட்டர், ஏசிகள் எல்லாம் மற்ற இரண்டு பேஸில். மீட்டர் போர்டிலிருந்து வரும் பேஸ் வயர்கள் 6 சதுர மி.மீ., நியூட்ரல் மட்டும் 4. "நியூட்ரல்ல என்ன சார் கரண்ட் வரப்போகுது" என்றாராம் வயரிங் செய்தவர். மதியம் பன்னிரண்டரைக்கு, வயரைச் சுற்றி மாட்டிக் கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டினேன். ஆர் பேஸில் 20 ஆம்பியர் வெளியே போகிறது, ஒய்யில் 14, பி-யில் 15 உள்ளே வருகிறது. நியூட்ரலில் 34! குழாய்க்குள் ஓடும் 4 சதுர மி.மீ. வயர் 25 ஆம்பியர் வாக்கில்தான் தாங்கும். மெயினை அணைத்துவிட்டு நியூட்ரல் வயர்கள் சேரும் பட்டையான நியூட்ரல் லிங்க்கில் வயர் ஏறும் இடத்தைத் தொட்டேன். இரண்டு அங்குலத்துக்கு இன்சுலேஷன் கருகி, விரல் பட்டதும் உதிர்ந்தது.

காரணம் இதுதான். மூன்று பேஸிலும் சமமாக லோடு இருந்தால் 120 டிகிரி வித்தியாசத்தால் மூன்று கரண்டும் நியூட்ரலில் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். ஆர் பேஸில் சோலார் கரண்ட் திரும்பி ஓடும்போது, கழிய வேண்டியது கூடிவிடுகிறது. ஒய், பி இரண்டிலும் 20, 20 இழுத்து ஆரில் 20 வெளியே போனால் நியூட்ரலில் 40 ஓடும். மூன்று பேஸையும் நியூட்ரலையும் சேர்த்து அணைக்கும் டிபிஎன் எம்சிபி-யில் நியூட்ரலுக்குப் பாதுகாப்பு கிடையாது, அது வெறும் ஸ்விட்ச். அதனால் எதுவும் ட்ரிப் ஆகாமல் வயர் மட்டும் சூடாகிக்கொண்டே இருக்கும். கடைசியில் நியூட்ரல் அறுந்தால், லோடு குறைவான பேஸில் 230 வோல்ட் எங்கோ ஏறி, டிவி, பிரிட்ஜ் எல்லாம் போய்விடும்.

அப்புறம் இன்வெர்ட்டரிலிருந்து போர்டு வரைக்குமான வயர். 5000-ஐ 230-ஆல் வகுத்தால் 22 ஆம்பியர், பாதுகாப்புக்காகக் கால் பங்கு கூட்டினால் 27. பேஸில் ஓடும் அதே கரண்ட்தான் நியூட்ரலிலும் ஓடும், எனவே இரண்டும் ஒரே சைஸ். 30 மீட்டர் தூரமென்றால் 6 சதுர மி.மீ. தாமிரத்தில் போக வர சுமார் 4 வோல்ட் ஏறும், 10-ல் இரண்டரைக்குள் அடங்கும். உங்கள் ஊரில் மதியம் லைனே 245-ஐத் தொடுமென்றால் 10 போடுங்கள். வோல்டேஜ் மேல் வரம்பைத் தாண்டினால், நல்ல வெயில் நேரத்தில் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். மாடியில் பேனல் பக்கம் நியூட்ரலே கிடையாது, பாசிட்டிவ், நெகட்டிவ்தான். அதற்கு 4 சதுர மி.மீ. சோலார் டிசி கேபிள் போதும், வீட்டு வயரை வெயிலில் இழுக்க வேண்டாம்.

மெயின் கேபிளை மாற்றுவதென்றால் மூன்றரை கோர் வாங்காதீர்கள், அதில் நியூட்ரல் சிறியது. நான்கு கோர் கேளுங்கள். முடிந்தால் த்ரீ பேஸ் இன்வெர்ட்டருக்கே போய்விடுங்கள், இந்தத் தொல்லையே இருக்காது.

மச்சான் வீட்டில் நியூட்ரலை 10 சதுர மி.மீ. ஆக்கி, வயர் முனையில் மாட்டும் உலோக லக் வைத்து இறுக்கினோம். ஒய் பேஸில் இருந்த ஒரு ஏசியை ஆருக்கு மாற்றினோம். மறுநாள் அதே நேரத்தில் மீட்டரை மாட்டிப் பார்த்தபோது நியூட்ரலில் 25 ஆம்பியர் காட்டியது.