படிக்க வந்த பிள்ளைக்கு ஓர் அறை: வாசகர் கேள்வி பதில்

திருநெல்வேலியில் அறை தேடுகிறவர்களும் அறை விடுகிறவர்களும் எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களைத் தார்சாவில் (வீட்டு முன்கூடத்தில்) பரப்பி வைத்து இரண்டு நாள் படித்தேன். பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் விடுதியில் 24 வருஷம் துணைக் காப்பாளராக இருந்தவள் நான். என் வீட்டுக்காரர் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். நிலம், மனை பற்றிய பதிலில் பெரும்பகுதி அவர் சொல்ல நான் எழுதியது.

*

என் மகளுக்கு அபிஷேகப்பட்டி பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. கிடைத்திருக்கிறது. பெருமாள்புரத்தில் என் மதினி வீடு இருக்கிறது. டவுனில் ஒரு தனியார் லேடீஸ் ஹாஸ்டலும் சொல்கிறார்கள். எங்கே விடலாம்?
– ஒரு தாய், சங்கரன்கோவில்

அம்மா, முதலில் மதினி வீட்டு யோசனையை விட்டுவிடுங்கள். அவர்கள் பாசத்தில் குறை இல்லை, தூரம்தான் தொல்லை. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் ஊருக்கு மேற்கே தென்காசி ரோட்டில் இருக்கிறது. பெருமாள்புரம் தாமிரபரணி ஆற்றுக்கு இந்தப் பக்கம், பாளையங்கோட்டையில். பிள்ளை காலையில் கிளம்பினால் வண்ணார்பேட்டை, ஆற்றுப்பாலம், ஜங்ஷன், டவுன், பேட்டை என்று ஊர் நெரிசல் மொத்தத்தையும் தாண்டிப் போக வேண்டும். சாதாரண நகரப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, காசு மிச்சம்தான். ஆனால் தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸிலேயே போய்விடும். லேப் வேலை உள்ள படிப்பு. மாலையில் அரை மணி நேரம் கூடுதலாக இருக்கச் சொன்னால் உங்கள் மகள் பஸ்ஸை நினைத்துக்கொண்டே இருப்பாள். அப்படிப் படித்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

முதலில் வளாகத்து விடுதிக்கு விண்ணப்பம் போடுங்கள், அட்மிஷன் அன்றைக்கே. இடம் இல்லை என்றால் அரசு விடுதியைக் கேளுங்கள். பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நல விடுதிகளுக்கு 2025 முதல் சமூகநீதி விடுதி என்று பெயர். தங்கும் இடமும் சாப்பாடும் இலவசம். வருமானச் சான்று வேண்டும். வீட்டுக்கும் கல்லூரிக்கும் குறைந்தது இவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்ற விதி பையன்களுக்குத்தான், பெண் பிள்ளைகளுக்கு இல்லை. இது தெரியாமலே பலர் விண்ணப்பிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

இரண்டும் அமையவில்லை என்றால் தனியார் விடுதி. பெண்கள் விடுதி நடத்த 2014ஆம் வருஷத்துச் சட்டப்படி கலெக்டரிடம் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். அதை வாங்கக் கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று எல்லாம் காட்ட வேண்டும். "உரிமத்தைப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம். முறையாக நடத்துகிறவர்கள் வரவேற்பறையிலேயே மாட்டி வைத்திருப்பார்கள்.

அப்புறம், அவர்கள் வரச் சொல்லும் 11 மணிக்குப் போகாதீர்கள். முந்தின நாளே வந்து மதினி வீட்டில் தங்கி, காலை ஆறரைக்குப் போய் நில்லுங்கள். குளியலறை வாசலில் எத்தனை பேர் வாளியோடு நிற்கிறார்கள், குழாயில் தண்ணீர் வருகிறதா, அடுக்களையில் மாவுப் பாத்திரம் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாகப் பின் படிக்கட்டைப் பாருங்கள். நான் வேலை பார்த்த விடுதியில் ஒரு ராத்திரி மீட்டர் பெட்டியில் புகை வந்தது. அறுபது பிள்ளைகள் பின் படிக்கட்டுக்கு ஓடினால் கம்பிக் கதவில் பூட்டு. சாவி வாட்ச்மேன் வீட்டில். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இருட்டில் அந்தப் பூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது இன்றைக்கும் என் கையில் இருக்கிறது. மறுநாளே சாவியை என் இடுப்பில் சொருகிக்கொண்டேன், ஓய்வு பெறும் வரை அது அங்கேதான் இருந்தது. நீங்கள் பார்க்கும் இடத்தில் பின் வழியே இல்லை என்றாலும் சரி, இருந்தும் சாவி யாரிடம் என்று சொல்லத் தெரியவில்லை என்றாலும் சரி, அங்கே விடாதீர்கள்.

*

பேட்டைக்கு மேற்கே எங்களுக்கு 22 செண்டு நஞ்சை. இரண்டு பூவாக (போகமாக) பயிரே வைக்கவில்லை. பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்காகப் பன்னிரண்டு ரூம் கட்டி விடலாமா, இல்லை மனையாகப் பிரித்து விற்கலாமா? புரோக்கர் தினமும் வீட்டுக்கு வருகிறார்.
– விவசாயி, பெயர் வேண்டாம் என்கிறார்

அண்ணாச்சி, உங்கள் கடிதத்தை என் வீட்டுக்காரர் மூன்று தடவை படித்தார். கடிதத்தில் நீங்கள் எழுதாத ஒன்றைத்தான் முதலில் கேட்டார்: அந்த வயலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து பிரிகிற திருநெல்வேலி வாய்க்கால் பேட்டை வழியாக டவுனுக்குள் போய் நயினார்குளத்தை நிரப்புகிறது. அந்தப் பக்கத்து வயல் எதுவாக இருந்தாலும் அதற்கு மேலே ஒரு மடை, கீழே ஒரு வடிகால் இருக்கும். கார், பிசானம் என்று இரண்டு பூ விளைந்த வயல்பரப்பு, அதன் வழியாகத்தான் அடுத்த வயலுக்கும் தண்ணீர் போயிருக்கும். நீங்கள் நான்கடி மண்ணடித்து உயர்த்தினால் மேல் வயல்காரருக்குத் தண்ணீர் வடியாது, கீழ் வயல்காரருக்கு வந்து சேராது.

தாலுகா ஆபீஸில் அ-பதிவேடும் (நில விவரப் பதிவேடு) புலப்படமும் (சர்வே எண்ணின் வரைபடம்) வாங்கிப் பாருங்கள். உங்கள் சர்வே எண்ணுக்குள் அல்லது ஓரத்தில் வாய்க்கால் புறம்போக்கு ஓடுகிறதா, பழைய குளத்து உள்வாயா (குளத்தில் தண்ணீர் தேங்கும் பகுதியா) என்று அதில் தெரிந்துவிடும். பட்டா இருக்கிறதே என்று மட்டும் தைரியம் கொள்ளாதீர்கள். நஞ்சையை வேறு உபயோகத்துக்கு மாற்றக் கலெக்டரின் இசைவு வேண்டும். நகர் ஊரமைப்பு அனுமதி இல்லாமல் மனையாகப் பிரித்தால் பத்திரம் பதியாது. அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறை செய்யும் திட்டம் 2016 அக்டோபர் 20க்கு முன் பிரித்து விற்றவற்றுக்குத்தான். "பிறகு ரெகுலர் பண்ணிக்கலாம்" என்று புரோக்கர் சொன்னால் நம்ப வேண்டாம்.

இன்னொன்றும் சொல்வார், "இப்போதெல்லாம் சுயசான்று போதும், ஆன்லைனில் உடனே பிளான் அப்ரூவல்" என்று. 2024 ஜூலையில் வந்த அந்தத் திட்டம் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் சொந்த வீடு கட்டுகிறவர்களுக்கு. பன்னிரண்டு ரூம் விடுதியை வீடு என்று காட்டி அனுமதி வாங்கினால், நாளைக்கு ஒரு விபத்து என்றால் முழுப் பொறுப்பும் உங்கள் தலையில்தான்.

இதையெல்லாம் விட என் மனதில் இருப்பது 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பெய்த மழை அது. தாமிரபரணி ஜங்ஷன் வரை வந்துவிட்டது. மீனாட்சிபுரத்தில் தரைத்தளத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்த நான்கு பிள்ளைகள் தண்ணீர் வடிந்ததும் ஹைகிரவுண்ட் பக்கம் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். பத்து நாள் மச்சில், அதாவது மாடி அறையில், தங்கினார்கள். உடுப்பு, புத்தகம் எல்லாம் போய்விட்டது. ஒருத்தி சர்டிபிகேட் பையை மட்டும் தலையில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள், அதற்குள்ளும் தண்ணீர். என் வீட்டுக்காரர் அவளுடைய பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைத் தார்சாவில் ஃபேனுக்குக் கீழே விரித்து, நான்கு மூலையிலும் கூழாங்கல் வைத்து, ராத்திரி முழுக்க உட்கார்ந்து காய வைத்தார். அவள் தங்கியிருந்த அறையின் ஜன்னல் எந்தப் பக்கம் தெரியுமா? பழைய வடிகால் பக்கம். அதன் மேல்தான் அந்தக் கட்டடத்தின் பாதி நின்றது.

உங்களுக்கு வருமானம் வேண்டும், அது நியாயம். ஊருக்குள் மேட்டில் பழைய வீடு இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதில் மேலே ஒரு மாடி எடுத்து, நான்கு ரூம், தனிப் படிக்கட்டு, இரண்டு குளியலறை கட்டுங்கள். தொடக்கத்தில் வாடகை குறைவாகத்தான் வரும். வயலைக் குத்தகைக்காவது விடுங்கள், மண்ணடிக்க வேண்டாம். பக்கத்துக் குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தால் தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று உங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் நடந்து பாருங்கள். பார்த்த பிறகு எனக்கு எழுதுங்கள்.

*

விடுதிக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. என்று பில்லில் போடுகிறார்கள். கட்ட வேண்டுமா?
– மாணவி, வண்ணார்பேட்டை

மாசம் 20,000 ரூபாய்க்குள், தொடர்ந்து 90 நாளாவது தங்கினால் தங்கும் கட்டணத்துக்கு வரி இல்லை. 2024 ஜூலை 15 முதல் இதுதான் நடைமுறை. பில்லைக் காட்டிக் கேளுங்கள்.

*

நாங்கள் ஆறு பேர் வீடு எடுத்துத் தங்கினோம். பத்து மாச வாடகையை அட்வான்ஸாக வாங்கினார்கள். காலி செய்யும்போது பெயின்ட், பைப் என்று சொல்லிப் பாதியைத் தரவில்லை. எழுத்தில் எதுவும் இல்லை.
– இறுதியாண்டு மாணவர், பாளையங்கோட்டை

தம்பி, எழுத்தில் இல்லாததுதான் கஷ்டம். தமிழ்நாட்டில் 2017ஆம் வருஷத்து வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும், வீட்டுக்கு அட்வான்ஸ் மூன்று மாச வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. தகராறு வந்தாலும் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது. ஆனால் சாப்பாட்டோடு கட்டில் கணக்கில் விடும் லாட்ஜ் மாதிரி இடங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. நீங்கள் வீடாக எடுத்ததால் கேட்க வழி உண்டு.

ஜி-பேயில் பணம் அனுப்பிய பதிவுகள், வீட்டுக்காரரோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகள், காலி செய்த அன்று எடுத்த போட்டோக்கள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, முதலில் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். ஆறு பேரும் கையெழுத்துப் போடுங்கள். அடுத்து வருகிற ஜூனியர்களிடம் ஒன்று சொல்லி வையுங்கள்: சாவி வாங்கும் அன்றே ஒவ்வொரு சுவரையும் குழாயையும் வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பிவிட வேண்டும்.

*

பல்கலைக்கழகத்துக்கு 500 ஏக்கருக்கு மேல் இடம் இருக்கும்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் அங்கேயே விடுதி கட்டினால் என்ன? ஊருக்குள் வீட்டு வாடகை ஏறுகிறதே.
– ஓய்வு பெற்ற ஆசிரியர், மகாராஜ நகர்

கட்டத்தான் வேண்டும் ஐயா. 1990இல் அந்தப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது பேட்டையைத் தாண்டினால் வெட்டவெளி. இப்போது ரோட்டின் இரண்டு பக்கமும் மனைக்கல். வளாகத்துக்குள் ஒரு பிள்ளைக்கு இடம் கிடைத்தால் வெளியே ஒரு வயல் தப்பிக்கும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார், நானும் அதையே நினைக்கிறேன்.

ஆனால் பல்கலைக்கழகம் ஒன்றை மட்டும் பார்த்தால் போதாது. 1878இல் கல்லூரியான தூய யோவான், 1895இன் சாராள் தக்கர், 1923இன் தூய சவேரியார், 1965இல் வந்த மருத்துவக் கல்லூரி, அதன் பிறகு பொறியியல், சட்டம், கால்நடை மருத்துவம் என்று இந்த ஊர் கல்லூரிகளால் வளர்ந்த ஊர். இப்போது கங்கைகொண்டான் தொழிற்சாலைகளுக்கு வருகிற பிள்ளைகளும் அதே அறைகளைத்தான் தேடுகிறார்கள். 55 வார்டிலும் ஒரு கணக்கு எடுக்க வேண்டும்: குடும்ப வீடு என்று வரி கட்டும் வீட்டில் எத்தனை மாணவர்கள்? நகரங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்று திட்டம் போடுகிறார்கள். 16 பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு 2,160 லிட்டர் வேண்டும். நான்கு பேருக்கான இணைப்பில் அது எப்படி வரும்? தெருக்காரர்கள் பிள்ளைகள்மேல் கோபப்படுகிறார்கள். பிள்ளைகள் செய்த தப்பு என்ன? உங்கள் வார்டு கவுன்சிலரிடம் இந்தக் கணக்கைக் கேளுங்கள், நானும் எங்கள் வார்டில் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

*

நான் முதலாம் ஆண்டு. நான்கு இடத்தில் ரூம் கேட்டேன். ஊர் பெயரைக் கேட்டார்கள், அப்புறம் தெரு பெயரைக் கேட்டார்கள். சொன்னதும் "இப்பத்தான் ஆள் வந்துட்டாங்க தம்பி" என்றார்கள். வாசலில் டூலெட் போர்டு அப்படியே தொங்குகிறது. தினமும் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறேன். என்ன செய்யட்டும்?
– மாணவர், பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி

உன் கடிதத்தைப் படித்ததும் மற்றக் கடிதங்களை ஒதுக்கி வைத்துவிட்டேன், தம்பி. எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்பது எதற்கு என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். உன்னை அப்படி நிற்க வைத்ததற்காக இந்த ஊர்க்காரியாக நான் வெட்கப்படுகிறேன். விடுதியில் 24 வருஷம் பிள்ளைகளுக்கு அறை ஒதுக்கியிருக்கிறேன். பெயர் வரிசைப்படி மூன்று பேருக்கு ஓர் அறை, அவ்வளவுதான். "என் பிள்ளையை வேற ரூம்ல போடுங்க" என்று வந்த பெற்றோரிடம், இங்கே அறை மாற்ற ஒரே காரணம் காய்ச்சல்தான் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

சமூகநீதி விடுதிக்கு இன்றைக்கே விண்ணப்பம் கொடு. உன் ஊர் விதியில் உள்ள தூரத்தைத் தாண்டியிருந்தால் உனக்குத் தகுதி உண்டு. அது கிடைக்க நாளாகலாம்.

எங்கள் மகன் ஓசூருக்கு வேலைக்குப் போனதிலிருந்து மச்சு பூட்டித்தான் கிடக்கிறது. அந்த நான்கு பிள்ளைகளுக்குப் பிறகு யாரும் தங்கவில்லை. ஒரு கட்டில், மேசை, தனிப் படிக்கட்டு. காலை ஐந்தரைக்குக் குழாயில் தண்ணீர் வரும். மூன்று மாச அட்வான்ஸ், ஒப்பந்தம் எழுத்தில் போட்டுக்கொள்வோம். இதழ் அலுவலகத்துக்கு உன் போன் நம்பரை அனுப்பு, எனக்குக் கொடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. அறையை அவர்கள் பார்க்கட்டும்.