ஆசிரியர் என்று அழைக்கப்பட்ட அதிபர்

கேள்வி: தான்சானியாவின் முதல் அதிபர் ஜூலியஸ் நைரேரேயை அந்நாட்டு மக்கள் ‘ம்வாலிமு’ என்று அழைப்பது ஏன்? அவருடைய சோஷலிசத் திட்டம் தோல்வியடைந்த பின்னும் அந்த மரியாதை நிலைத்திருப்பது எப்படி?

பதில்: ‘ம்வாலிமு’ என்பது ஆசிரியரைக் குறிக்கும் சுவாகிலிச் சொல். 1922-இல் புட்டியாமா கிராமத்தில் சனாக்கி இனத் தலைவர் ஒருவரின் மகனாகப் பிறந்து, பன்னிரண்டாம் வயதில்தான் பள்ளியில் சேர்ந்து, எடின்பரோவில் முதுகலைப் பட்டம் பெற்றுத் திரும்பிய நைரேரே, தாரெஸ் சலாமுக்கு அருகே புகு என்னும் ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்தபோதுதான் 1954-இல் விடுதலைக் கட்சியைத் தொடங்கினார். வேலையா, அரசியலா என்ற நெருக்கடி வந்ததும் வேலையை விட்டார். பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த அவருடைய நாடான டாங்கனிகா 1961 டிசம்பர் 9-இல் விடுதலை பெற்றது. 1964-இல் அருகிலிருந்த தீவு நாடான சான்சிபாருடன் இணைந்து தான்சானியா ஆயிற்று.

வீட்டில் சனாக்கி மொழி பேசி வளர்ந்து, பள்ளியில் சுவாகிலி கற்ற அவர், நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கும் நாட்டை அந்தச் சுவாகிலியால் ஒன்றுபடுத்தியதையே அவருடைய மிகப் பெரிய சாதனையாக நான் கருதுகிறேன். ஆட்சிப் பொறுப்புகளுக்கு நடுவே ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தைத் தாமே சுவாகிலியில் மொழிபெயர்த்து 1963-இல் வெளியிட்டார். 1969-இல் வந்த ‘வெனிஸ் வணிகன்’ மொழிபெயர்ப்புக்கு, ‘வெனிஸ் நகர முதலாளிகள்’ என்று பொருள்படும் தலைப்பை இட்டார்.

அவருடைய சோஷலிசக் கொள்கையை அறிவித்த 1967-இன் அருஷா பிரகடனம் கட்சித் தலைவர்கள் பங்குகள் வைத்திருப்பதையும், வீட்டை வாடகைக்கு விடுவதையும், இரண்டு சம்பளம் வாங்குவதையும் தடை செய்தது. ஆனால், ‘உஜமா’ என்ற கூட்டுக் கிராமத் திட்டம் 1973-க்குப் பிறகு கட்டாயமாக்கப்பட்டபோது இலட்சக்கணக்கான குடியானவர்கள் சொந்த நிலத்திலிருந்து பெயர்க்கப்பட்டார்கள். திரும்பிப் போய்விடக் கூடாதென்று சில இடங்களில் அவர்களுடைய பழைய குடிசைகள் கொளுத்தப்பட்டன. விளைச்சல் சரிந்தது. ஒரு கட்சி ஆட்சியும், விசாரணையின்றிக் காவலில் வைக்கும் சட்டமும் அவர் காலத்தவையே. இவற்றை மறைத்து அவரைப் போற்றுவது நேர்மையாகாது.

மரியாதை நிலைத்ததற்குக் காரணம் அவருடைய வாழ்க்கைதான். கட்டாயத் தேசியப் பணியை எதிர்த்து 1966-இல் மாணவர்கள் ஊர்வலமாக வந்து, அதிகாரிகளின் சம்பளத்தைச் சுட்டிக்காட்டியபோது, அவர்கள் முன்னிலையிலேயே தம் சம்பளத்தை 20 விழுக்காடு குறைத்துக்கொண்டார். அதே கையோடு அந்த மாணவர்களைப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றவும் செய்தார். 1985-இல் தாமாகவே பதவியை விட்டு விலகி, தம் ஆட்சியில் நேர்ந்த பிழைகளை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, புட்டியாமாவில் பயிர்த்தொழில் செய்தார். 1999-இல் இலண்டன் மருத்துவமனையில் மறைந்த அவரது உடல், பிறந்த அந்தக் கிராமத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது.