வீடியோவில் நுண்கணிதம்: கேட்டதும் சொன்னதும்

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவன் நான். ஊர் பாபநாசம். வீடியோ பார்த்து நுண்கணிதம் (கால்குலஸ்) படிக்கிற பிள்ளைகளும் பெற்றோரும் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில். நீளமான கேள்விகளைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

சார், நான் தமிழ் வழியில் பதினொன்றாம் வகுப்பு. வீடியோவில் டெரிவேட்டிவ், லிமிட் என்கிறார்கள். புத்தகத்தில் வேறு பெயர். எது எது என்றே குழம்புகிறது. (மன்னார்குடி மாணவி)

நோட்டின் கடைசிப் பக்கத்தில் நடுவே ஒரு கோடு போடும்மா. லிமிட் என்றால் எல்லை, ஃபங்ஷன் என்றால் சார்பு, ஸ்லோப் என்றால் சாய்வு, டெரிவேட்டிவ் என்றால் வகைக்கெழு, இன்டக்ரேஷன் என்றால் தொகையிடல், செயின் ரூல் என்றால் சங்கிலி விதி. மொத்தமே இருபது சொல் தாண்டாது. இரண்டு வாரத்தில் அந்தப் பக்கத்தைத் திருப்பவே மாட்டாய். ஒன்று மட்டும் சொல்கிறேன்: தமிழ்ச் சொற்களை இளக்காரமாக நினைக்காதே. 'தொகையிடல்' என்ற சொல்லிலேயே கூட்டுகிற வேலை தெரிகிறது. இன்டக்ரேஷன் என்று கேட்கிற நம் பிள்ளைக்கு அது தெரியுமா?

பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. நோட்டை எடுத்தால் ஒரு வரி ஓடவில்லை. மூளையில் கோளாறா? (திருவையாறு)

மூளையில் ஒன்றும் இல்லை. பாட்டுக் கேட்டதும் பாட வந்துவிடும் என்று உங்கள் ஊரில் யாராவது சொல்வார்களா? எனக்கே நடந்தது. ஓய்வு பெற்றபின் ஆசையாக ஒரு கல்லூரிப் பாடத்தை ஒரே நாளில் மூன்று மணி நேரம் பார்த்தேன். தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்தேன். மறுநாள் அதே கணக்கைப் போடப் போனால் தலைப்பைத் தவிர ஒன்றும் வரவில்லை. எழுதுகிறவர் கை நகரும்போது நம் கையே நகர்வதுபோல ஒரு மயக்கம், அவ்வளவுதான்.

கணக்கு எழுதப்பட்டதும் வீடியோவை நிறுத்துங்கள். அவர் தீர்ப்பதற்கு முன்னால் ஐந்து நிமிடம் நீங்களே முட்டி மோதுங்கள். தப்பாகப் போட்டாலும் சரி. அப்புறம் ஓடவிட்டால், எந்த இடத்தில் நீங்கள் வழுக்கினீர்களோ அந்த இடத்தில் காது தானாக நிமிரும்.

ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்க்கலாமா? (நாகப்பட்டினம்)

பேச்சுக்கு ஓட்டலாம். கணக்குக்குக் கூடாது.

எந்த வீடியோ நல்லது? (பலர்)

பள்ளிப் பாடத்துக்கு முதலில் நம் கல்வித் தொலைக்காட்சி. 2019-இல் தொடங்கியது. பாடநூலை ஒட்டியே போகும், சொற்களும் பாடநூல் சொற்களே. ஆங்கிலம் ஓரளவு புரிந்தால் கான் அகாடமி. சல்மான் கான் தன் உறவுக்காரப் பெண்ணுக்குத் தொலைவிலிருந்து கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போய் வளர்ந்தது அது. நிதானமாகச் சொல்வார், பயிற்சிக் கணக்குகளும் இலவசம். 'ஏன் இப்படி' என்று படமாகப் பார்க்க வேண்டுமானால் த்ரீ ப்ளூ ஒன் பிரவுன் சேனலில் கிராண்ட் சாண்டர்சன் 2017-இல் போட்ட நுண்கணிதத் தொடர். அழகு என்றால் அப்படி அழகு. ஆனால் அதை மட்டும் பார்த்துத் தேர்வுக்குப் போகாதீர்கள், கை பழகாது. கல்லூரிக்காரர்களுக்கு ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் என்பிடெல் இருக்கிறது. அமெரிக்காவின் எம்ஐடி வகுப்புகளும் இலவசமாகக் கிடைக்கின்றன.

ஐந்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டாம். ஒருவரைப் பிடித்து, முடிக்கிறவரை விடாதீர்கள்.

அய்யா, என் மகள் ராத்திரி பதினோரு மணி வரை போனில் இந்தக் கணக்கு. நான் விவசாயி, ஆறு ஏக்கர். இது எதுக்கு ஆகும்? (திருத்துறைப்பூண்டி)

அய்யா, நீங்கள் தினமும் காலையில் பேப்பரில் முதலில் எதைப் பார்க்கிறீர்கள்? மேட்டூர் நீர்மட்டம், நீர்வரத்து, நீர் திறப்பு. வழக்கமாக அணை திறக்கும் ஜூன் 12 நெருங்கிவிட்டால் நம் ஜில்லாவே கணக்கு வாத்தியார்தான். உங்கள் மகள் படிப்பதும் அதே கணக்கு.

வரத்து வினாடிக்கு 20,000 கன அடி, திறப்பு 12,000 என்று வையுங்கள். அணையில் வினாடிக்கு 8,000 கன அடி ஏறுகிறது. இருப்பு எந்த வேகத்தில் மாறுகிறது என்கிற இந்த எண்ணுக்குப் பெயர்தான் வகைக்கெழு. ஒரு நாளுக்கு 86,400 வினாடி. பெருக்கினால் 69 கோடி கன அடிக்கு மேல். ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி, ஆக ஏறியது முக்கால் டி.எம்.சி.க்குச் சற்றுக் குறைவு. இது தொகையிடல்.

ஆனால் வரத்து நாள் முழுக்க ஒரே சீராகவா இருக்கும்? காலையில் 20,000, மாலையில் 26,000. அப்போது நாளை மணியாக நறுக்கி, ஒவ்வொரு மணிக்கும் பெருக்கிக் கூட்டுவோம். இன்னும் சரியாக வேண்டுமானால் நிமிடமாக, வினாடியாக நறுக்குவோம். நறுக்கிக்கொண்டே போனால் கூட்டுத்தொகை எந்த எண்ணை நெருங்குகிறதோ அதுதான் விடை. எல்லை என்று பாடநூலில் பயமுறுத்துவது இதைத்தான்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அணை அடியில் கிடக்கும்போது இதே 8,000 கன அடிக்கு மட்டம் விறுவிறுவென்று ஏறும். நூற்றுப் பத்து அடியைத் தாண்டியபின் நகரவே நகராது. மேலே போகப் போக நீர்ப்பரப்பு அகலம். இருப்பு மாறும் வேகத்தை நீர்ப்பரப்பால் வகுத்தால் மட்டம் ஏறும் வேகம் வந்துவிடும். அதுதான் சங்கிலி விதி. மகளிடம் கேளுங்கள், பேப்பரை எடுத்துவைத்துப் போட்டே காட்டுவாள்.

டிப்ளமோ முடித்து நேராக இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு சேர்ந்தேன். கணக்கில் இரண்டு அரியர். எந்த வீடியோவும் ஏறவில்லை. (மயிலாடுதுறை)

தம்பி, நுண்கணிதத்தை ஒரு வாரம் மூடிவை. ஒரு சோதனை: எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 9, அதை எக்ஸ் மைனஸ் 3-ஆல் வகுக்கிறோம். எக்ஸ் 3-ஐ நெருங்கும்போது எல்லை என்ன? நேராகப் போட்டால் பூஜ்யத்தின் கீழ் பூஜ்யம். அங்கேயே பலர் 'பூஜ்யம்' என்றோ '1' என்றோ எழுதிவிட்டு எழுந்துபோகிறார்கள். மேலே இருப்பதைக் காரணிப்படுத்தினால் எக்ஸ் மைனஸ் 3 அடிபட்டுப்போகும், மிச்சம் எக்ஸ் பிளஸ் 3, விடை 6. இதில் புதிது எல்லை மட்டும்தான், மீதி ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதம். நான் பார்த்த அரியர்களில் பெரும்பாலானவை அந்த மீதியில் விழுந்தவைதான். வெட்கப்படாமல் காரணிப்படுத்தல், அடுக்குகள், முக்கோணவியல் வீடியோவிலிருந்து ஆரம்பி.

ராமானுஜன் என்ன வீடியோவா பார்த்தார்? (கும்பகோணம், குசும்பர் ஒருவர்)

உங்கள் ஊர்க்காரர் ஆயிற்றே, விடுவீர்களா! பள்ளி நாளில் அவர் கைக்குக் கிடைத்தது ஜி. எஸ். கார் தொகுத்த ஒரு கணிதப் புத்தகம். ஐயாயிரம் முடிவுகள் அளவுக்கு வரிசையாக இருக்கும், நிரூபணம் இருந்தால் ஒரு வரி, பலவற்றுக்கு அதுவும் இல்லை. ஒவ்வொன்றையும் அவரே சிலேட்டில் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. திருவையாற்றுக்காரருக்கு நான் சொன்ன 'நிறுத்து'தான் அது, ஓடவிட அவரிடம் மிச்ச வீடியோ இல்லை. அதே மனிதர் மற்ற பாடங்களைக் கவனிக்காமல் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

தொகையிட்டுவிட்டுக் கடைசியில் 'பிளஸ் சி' போடவில்லை என்று ஒரு மார்க் போய்விட்டது. அது அவ்வளவு முக்கியமா? (பட்டுக்கோட்டை)

பத்து நாள் வரத்தும் திறப்பும் உன்னிடம் இருக்கிறது. கூட்டிக் கழித்து 7 டி.எம்.சி. ஏறியது என்கிறாய். சரி, இப்போது மேட்டூரில் எவ்வளவு தண்ணீர்? சொல்ல முடியாது. முதல் நாள் காலையில் எவ்வளவு இருந்தது என்று யாராவது சொல்ல வேண்டும். அந்தப் பழைய இருப்புதான் 'சி'. முழுக் கொள்ளளவான 93.47 டி.எம்.சி.யில் அது 20-ஆக இருந்தால் ஒரு கதை, 80-ஆக இருந்தால் வேறு கதை. உன் ஆசிரியர் மார்க் குறைத்தது சரிதான்.