டாப்ளர் ஸ்கேனில் தொப்புள்கொடி ரத்த ஓட்டம் குறைவு என்று வந்திருக்கிறது. குழந்தையின் மூளை வளர்ச்சி பின்னால் பாதிக்குமா?

பாதித்தே தீரும் என்று இல்லை. ரிப்போர்ட் வாங்கிய கையோடு கூகுளில் தேடிப் பயந்துபோய்க் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் டாக்டர் இல்லை, இதை அனுபவித்த அம்மா. உங்கள் டாக்டர் சொல்வதுதான் முதலில்.

என் இளையவனுக்கு 32ஆம் வாரம் வில்லிவாக்கத்தில் எடுத்த ஸ்கேனில் எடை குறைவு. தொப்புள்கொடி வழியாக நஞ்சுக்கொடிக்குள் ரத்தம் போகச் சிரமப்படுகிறது, ஆனால் மூளைக்குப் போகும் குழாயில் ஓட்டம் கூடியிருக்கிறது என்றார்கள். கூடினால் நல்லதுதானே என்று கேட்டேன். “இருக்கிற ஆக்சிஜனை மூளைக்குத் திருப்பிவிட்டுக் குழந்தை சமாளிக்குதும்மா. அதனால இனிமே அடிக்கடி பார்க்கணும்” என்றார் டாக்டர். நுரையீரல் முதிர ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். 34ஆம் வாரம், ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் தொப்புள்கொடியில் ஓட்டமே இல்லை என்றதும் சிசேரியன். எடை 1.5 கிலோ.

“ஒழுங்கா சாப்பிட்டிருக்க மாட்டா” என்று சொந்தத்தில் பேசினார்கள். எனக்கு பிபி இருந்தது. நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யாததற்கு நான் சாப்பிட்ட இட்லியா காரணம்? உங்கள் வீட்டிலும் யாராவது இப்படி ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

வெறும் ஆறுதலுக்காக இதை எழுதவில்லை. 26 முதல் 32 வாரத்துக்குள்ளேயே வளர்ச்சி குன்றிய குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்த ட்ரஃபிள் என்ற ஐரோப்பிய ஆய்வு 2015இல் லான்செட் இதழில் வந்தது. பிழைத்தவர்களில் பெரும்பாலோர் 2 வயதில் பெரிய நரம்புக் குறை இல்லாமல்தான் இருந்தார்கள். அதே சமயம், இப்படி மூளைக்கு ரத்தத்தைத் திருப்பிவிட்டுச் சமாளித்த குழந்தைகளில் சிலருக்குப் பேச்சு, கவனம் இவற்றில் பின்தங்கல் வரலாம் என்றும் வேறு ஆய்வுகள் சொல்கின்றன. என் மகனுக்கும் பேச்சு தாமதம்தான். ஸ்பீச் தெரபியில் நன்றாகவே தேறினான், இப்போது ஒன்றாம் வகுப்பு. வீட்டில் அவன் வாயை மூட முடியவில்லை.

அப்படிப்பட்ட பிள்ளையை எல்கேஜி அட்மிஷனில் உட்காரவைத்து, “தெளிவா பேசலையே, அடுத்த வருஷம் பாருங்க” என்றது ஒரு பள்ளி. மூன்றரை வயசுக் குழந்தைக்கு என்ன இன்டர்வியூ? இந்த ஊரில் இதை யாருமே கேட்பதில்லை.

சரி, உங்கள் விஷயம். அடுத்த டாப்ளர் எப்போது, மூளைக் குழாயையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். குறைமாதத்தில் பிறந்தால், வளர்ச்சியைப் பிறந்த தேதியிலிருந்து கணக்கிடாதீர்கள், பிரசவத்துக்கென்று டாக்டர் முன்பே குறித்துக் கொடுத்த தேதியிலிருந்து பாருங்கள். குறைந்தது 2 வயது வரை செக்கப்பை விடாதீர்கள். அரசு மருத்துவமனைகளில் வளர்ச்சித் தாமதத்தைச் சின்ன வயதிலேயே கவனித்து உதவும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன, இலவசம்தான்.