"நான் என்ன டத்தோவா, உயில் எழுத?" என்று கேட்கும் அப்பாவிடம் எப்படிப் பேசுவது?

அப்பா டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் இல்லை. கோலாலம்பூர் செந்தூலில் ஒரு வரிசை வீடு, இ.பி.எஃப். என்ற ஊழியர் சேமநிதியில் கொஞ்சம் பணம், ஒரு காப்புறுதி, அம்மாவின் நகைகள். அப்பாவுக்கு 67 வயது. பிள்ளைகள் மூவர், அதில் கடைசித் தம்பி தனியாக வாழ முடியாதவர். "இவ்வளவுக்குப் போய் உயில் எதற்கு, எல்லாம் அம்மாவுக்குத்தானே போகும்" என்கிறார் அப்பா. இதுதான் உங்கள் கேள்வி.

எல்லாம் அம்மாவுக்குப் போகாது. எங்கள் அப்பாவும் அப்படித்தான் நினைத்திருந்தார். நடந்ததைச் சொல்கிறேன்.

பட்டர்வொர்த், பாகான் டாலாமில் எங்கள் வீடு. தாத்தா பாட்டி, தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற காலத்தில் தொழிலாளர் குடியிருப்பான லயத்தை விட்டு வெளியேறியவர்கள். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார். அந்த வீட்டின் முன்பணத்துக்கு அம்மாவின் தாலிக்கொடி அடகுக்கடைக்குப் போனது. மூன்று தலைமுறையில் எங்கள் பெயரில் வந்த முதல் நிலப் பட்டா அது. பட்டாவில் அப்பா பெயர் மட்டும்தான். அது எங்கள் யாருக்கும் ஒரு விஷயமாகவே படவில்லை.

2011-இல் அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். உயில் இல்லை. அப்போதுதான் மலேசியாவில் 1958-ஆம் ஆண்டு பகிர்வுச் சட்டம் என்று ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரிந்தது. முஸ்லிம் அல்லாத ஒருவர் உயில் இல்லாமல் இறந்தால் சொத்தை எப்படிப் பிரிப்பது என்று அது சொல்கிறது. மனைவி, பிள்ளைகள், பெற்றோர் மூன்று தரப்பும் உயிரோடு இருந்தால் மனைவிக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி, பெற்றோருக்குக் கால். பெற்றோர் இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. தாலிக்கொடியை அடகு வைத்த அம்மாவுக்கு அந்த வீட்டில் கால் பங்கு. ஊரில் சித்தப்பாவோடு இருந்த அப்பாயிக்கும், அதாவது அப்பாவின் அம்மாவுக்கும், கால் பங்கு.

அப்பாயி தங்கமானவர். "எனக்கெதுக்குடி வீடு, எங்க கைநாட்டு வைக்கணும் சொல்லு" என்று கருமாதி அன்றைக்கே சொன்னார். அன்றே நில அலுவலகத்துக்கு மனு போட்டிருக்க வேண்டும். துக்க வீட்டில் சொத்துப் பேச்சா என்று அம்மா தடுத்தார். தலை திவசம் முடியட்டும் என்றோம். பிறகு தம்பி திருமணம் வந்தது. 2013-இல் அப்பாயி காலமானார்.

இனி வருவதை நிதானமாகப் படியுங்கள். அப்பாயியின் கால் பங்கு திரும்ப எங்களிடம் வரவில்லை. அவருடைய ஐந்து பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரிந்தது: இரண்டு சித்தப்பா, இரண்டு அத்தை, அப்பாவின் இடத்தில் நாங்கள். ஆளுக்கு வீட்டின் இருபதில் ஒரு பங்கு. ஒரு அத்தை சிங்கப்பூரில். 2015-இல் மூத்த சித்தப்பாவும் இறந்தார். அவருடைய இருபதில் ஒன்று, சித்திக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் இறங்கியது. ஒவ்வொரு இறப்புக்கும் இறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் என்று கோப்பு தடித்துக்கொண்டே போனது. நான்கு பேர் கையெழுத்தில் முடிந்திருக்க வேண்டிய வீட்டுக்குப் பத்துப் பேர் வாரிசு.

எல்லாரும் விட்டுக்கொடுக்கத் தயார். யாரும் ஒரு காசு கேட்கவில்லை. ஆனால் சித்தப்பாவின் கடைசிப் பையனுக்கு அப்போது 15 வயது. வயது வராத பிள்ளை தன் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட முடியாது. அவன் பங்கு எவ்வளவு தெரியுமா? தொண்ணூறில் ஒன்று. 270,000 வெள்ளி (ரிங்கிட்) வீட்டில் 3,000 வெள்ளி. அவனுக்கு 18 வயது ஆகட்டும் என்று காத்திருந்து, 2018-இல்தான் வீடு அம்மா பெயருக்கு வந்தது. அந்த ஏழு வருடமும் கூரை ஒழுகியது. வீட்டை வைத்துக் கடன் வாங்கவோ, விற்றுவிட்டு என்னோடு வந்து இருக்கவோ அம்மாவால் முடியவில்லை.

நில அலுவலகத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. விசாரணைக்கு வந்த அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். உயில் இல்லாத, நிலமோ வீடோ அடங்கிய சிறு சொத்துகளை வழக்கறிஞர் இல்லாமலேயே அங்கு முடித்துக்கொள்ளலாம். 20 லட்சம் வெள்ளியாக இருந்த வரம்பு 2024 ஜூலையிலிருந்து 50 லட்சம். வீடு இல்லாமல் வங்கிப் பணம், கார் போன்றவை மட்டும் என்றால் 600,000 வெள்ளி வரை அரசின் அறங்காவல் நிறுவனமான அமானா ராயாவே கையாளும். வழிகள் இருக்கின்றன. ஆனால் அவை சட்டம் சொல்லும் வாரிசுகளுக்குத்தான் பிரித்துக் கொடுக்கும். அப்பா மனதில் என்ன இருந்தது என்று அங்கே யாரும் கேட்க முடியாது. உங்கள் கடைசித் தம்பிக்கும் மற்ற இருவருக்கும் ஒரே அளவுதான் கிடைக்கும்.

அதே 2011-இல் அப்பாவின் இ.பி.எஃப். பணம் அம்மாவுக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. எப்போதோ ஒரு படிவத்தில் அம்மாவின் பெயரை அப்பா எழுதி வைத்திருந்தார், அவ்வளவுதான். முஸ்லிம் அல்லாதவருக்கு அப்படிப் பெயர் குறிக்கப்பட்டவர்தான் அந்தப் பணத்துக்கு உரியவர். உயில்கூட அதை மாற்றாது. ஆகவே அப்பா யார் பெயரைக் கொடுத்திருக்கிறார் என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். காப்புறுதியிலும் மனைவி அல்லது பிள்ளை பெயர் இருந்தால் பணம் நேரே அவர்களுக்குப் போகும், கடன்காரர்கள் தொட முடியாது. மனைவி, பிள்ளைகள் இருக்கும்போது அண்ணன் தம்பி பெயரைப் போட்டிருந்தால், அவர் வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பாளர் மட்டுமே.

இன்னொன்று, நம்மவர்களிடம் அதிகம் இருப்பதால் சொல்கிறேன். உங்கள் பெற்றோரின் திருமணம் பதிவானதா? 1982 மார்ச் 1-க்குப் பிறகு கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமல் விட்டிருந்தால், சட்டத்தின் கண்ணில் அம்மா மனைவியாக ஏற்கப்படாமல் போகலாம். பிள்ளைகளுக்கும் அதே சிக்கல் வரலாம். அந்தக் குடும்பத்துக்கு உயில்தான் பெரிய காப்பு.

"வீட்டை இப்போதே அண்ணன் பெயருக்கு மாற்றிவிடலாமே" என்று யாராவது சொல்வார்கள். 2023 ஏப்ரலிலிருந்து பெற்றோர் பிள்ளைக்குக் கொடுத்தால் முதல் 10 லட்சம் வெள்ளி வரை முத்திரை வரி கிடையாது என்பது உண்மைதான். ஆனாலும் வேண்டாம். நாளை அண்ணனுக்குக் கடன் பிரச்சினை, மணவிலக்கு என்று எது வந்தாலும் அந்த வீட்டின் தலையில்தான் விடியும். அப்பா அம்மா தங்கள் வீட்டிலேயே ஒண்டிக்கொண்டிருக்கும் நிலை வரக்கூடாது. உயில் வழியாகக் கொடுத்தால் மரபுரிமை வரி வருமே என்ற பயமும் வேண்டாம். அந்த வரி இந்த நாட்டில் 1991-லேயே நீக்கப்பட்டுவிட்டது.

உயில் எழுதுவது பெரிய வேலையில்லை. எழுத்தில் இருக்க வேண்டும், அப்பா கையெழுத்திட வேண்டும், இரண்டு சாட்சிகளும் அந்த நேரத்தில் ஒன்றாக உடனிருந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும். சொத்து பெறுகிறவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சி போட்டால் அவருக்கு எழுதியது செல்லாது. அதனால் மருமகளைக் கூப்பிடாதீர்கள், பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள். மூலப் பிரதி எங்கே இருக்கிறது என்று, உயிலை நிறைவேற்ற அப்பா நியமிக்கும் நிறைவேற்றுநருக்குத் தெரிய வேண்டும். உங்கள் வீட்டில் கடைசித் தம்பி இருப்பதால் மட்டும் ஒரு வழக்கறிஞரிடம் போவது நல்லது: அவர் பங்கை ஒரு பொறுப்பாளர் கையில் அறக்கட்டுப்பாடாக (டிரஸ்ட்) வைத்து, அவர் செலவுக்கு மாதாமாதம் கொடுக்கும்படி உயிலிலேயே எழுதலாம். யார் அந்தப் பொறுப்பாளர் என்பதை உங்களில் ஒருவரோடு வெளியாள் ஒருவரையும் சேர்த்து யோசியுங்கள்.

அப்பாவிடம் எப்படிப் பேசுவது? "நீங்க போன பிறகு" என்று தொடங்காதீர்கள். "தம்பிய யாரு பாத்துக்கணும்னு நெனைக்கிறீங்கப்பா?" என்று கேளுங்கள். அதற்கு அவரிடம் பதில் இருக்கும், பல வருடமாக யோசித்து வைத்த பதில். அதை அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்பாவின் அம்மா இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், தீபாவளி முடியட்டும் என்று தள்ளாமல் இந்த வாரமே கேளுங்கள்.